வாய் அசைகிறது, சொல் வரவில்லை



நம் பள்ளிகளும் தமிழ்மொழிக் கழகங்களும் எடுக்கும் பாடல் காணொலிகளைப் பற்றி இதுவரை பாராட்டு மட்டும்தான் எழுதி வந்திருக்கிறோம். பிள்ளைகள் உழைத்திருக்கிறார்கள், ஆசிரியர் இரவெல்லாம் கண்விழித்து எடிட் செய்திருக்கிறார், அதைப் போய்க் குறை சொல்வதா என்கிற தயக்கம் நமக்கு. தயக்கம் நியாயமானதுதான். ஆனால் ஒரு கவிதையைப் படித்தால் அதன் நயத்தையும் குறையையும் எடுத்துச் சொல்ல மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறோம். அதே பழக்கத்தை நம் சொந்தப் படைப்புகள் பக்கமும் கொஞ்சம் திருப்பிப் பார்க்கலாமே.

இந்தக் காணொலிகளுக்கு இப்போது ஒரு வார்ப்பு உருவாகிவிட்டது. முதலில் மேலேயிருந்து டிரோன் காட்சி. பள்ளித் திடல், செம்பனைத் தோட்டம், எங்கள் தங்காக் பக்கம் என்றால் பின்னால் 1,276 மீட்டர் உயரத்தில் லேடாங் மலை. அடுத்து, பட்டுப் பாவாடையில் நான்கு பிள்ளைகள் மெதுவாகத் திரும்பிச் சிரிப்பார்கள். தலைப்பு எழுத்து பறந்து வந்து நிற்கும். உடுப்புக்கு எந்தக் குறையும் இருக்காது. துணிக்கடைகளுக்குப் பேர்போன ஊர் இது, வெளியூர்க்காரர்களே இங்கு வந்துதான் வாங்கிப் போகிறார்கள். பார்க்க உண்மையிலேயே அழகாக இருக்கும். பிறகு பிள்ளை வாயைத் திறக்கும். அங்கேதான் எல்லாம் சரியும். கராவோக்கே இசை ஒரு சுவர் போல முன்னால் நிற்க, அதற்குப் பின்னாலிருந்து குழாய்க்குள் பேசுகிற மாதிரி ஒரு குரல் வரும். என்ன சொல் என்று தெரியாது. திரையின் கீழே வரிகளைப் போட்டிருப்பதால் தப்பித்தோம். வரியைப் படித்துத்தான் பாட்டைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் அது பாட்டா, வாசிப்புப் பயிற்சியா?

கேட்டால் ஒரே பதில்தான். "படம் கிளியரா இருக்குல்ல டீச்சர், அது போதும். சவுண்டை யாரு கவனிக்கப் போறாங்க?" இந்தப் பதிலில் இருக்கும் நம்பிக்கைதான் என் குறை. எல்லாரும் கவனிக்கிறார்கள். கவனிக்கிறோம் என்று அவர்களுக்கே தெரியாமல் கவனிக்கிறார்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் கண் பொறுத்துக்கொள்ளும். ஒலி கரகரத்தால் விரல் தானாக அடுத்த காணொலிக்குத் தள்ளிவிடும். ஏன் தள்ளினாய் என்று கேட்டால் "போரிங்" என்பார்கள், ஒலி சரியில்லை என்று சொல்லமாட்டார்கள்.

2011 நவம்பர் 16-ஆம் தேதி வெளிவந்த 'கொலவெறி' பாட்டை எடுத்துக்கொள்வோம். தமிழாசிரியர் ஒருவருக்கு அந்தப் பாட்டின் மொழியைப் பற்றி என்ன கருத்து இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அதை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் காணொலியை மட்டும் பாருங்கள். டிரோன் இல்லை, வெளிப்புறக் காட்சி இல்லை, நடனக் குழு இல்லை. ஓர் ஒலிப்பதிவுக் கூடம், காதில் ஹெட்போனோடு தனுஷ், பக்கத்தில் அனிருத், ஐஸ்வர்யா, ஸ்ருதிஹாசன். அவ்வளவுதான். யாரோ கூடத்துக்குள் நின்று எடுத்த மாதிரி இருக்கும். ஆனால் குரல் உங்கள் காதருகே வந்து பேசும். மூச்சு, இழுவை, சிரிப்புக்குச் சற்று முந்திய தயக்கம், எல்லாம் கேட்கும். உலகம் முழுக்க அந்தப் பாட்டு பரவியதற்குப் பல காரணங்கள் உண்டு. படத்தொகுப்பின் ஆடம்பரம் அவற்றில் ஒன்றில்லை என்று மட்டும் துணிந்து சொல்லலாம்.

நேர் எதிர்ப்பக்கத்தில் ஒரு பெரிய முயற்சி இருக்கிறது. 2010 ஜூன் 23 முதல் 27 வரை கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டுக்கான பாடல். எழுதியவர் அன்றைய முதல்வர் மு. கருணாநிதி, இசை ஏ.ஆர். ரகுமான், காணொலியை இயக்கியவர் கௌதம் வாசுதேவ் மேனன். நம் பள்ளி விழாக்களில் பலமுறை போட்டுக் கேட்ட பாட்டுதான். டி.எம். சௌந்தரராஜன், பி. சுசீலாவிலிருந்து இளைய தலைமுறைப் பாடகர்கள் வரை எத்தனையோ குரல்கள். ஒவ்வொருவரும் வேறு வேறு இடத்தில் தோன்றுகிறார்கள், ஆனாலும் காதுக்கு அது ஒரே பாட்டு. இடம் மாறும்போது ஒலியின் 'இடம்' மாறுவதில்லை. குறையும் உண்டு. தாளக்கருவிகளும் மின்னிசையும் கூடிவரும் சில இடங்களில் செம்மொழியின் சொல்லே பின்வாங்கி நிற்பதாக என் காதுக்குப் படுகிறது. பழைய பாடகர்கள் வரும் இடத்தில் அந்தக் குறை தெரிவதில்லை. இசை எவ்வளவு நெருக்கினாலும் சொல்லை விட்டுக்கொடுக்காத பயிற்சி அவர்களுடையது. இத்தனை வசதியோடு எடுத்த பாட்டிலேயே சொல்லுக்கும் இசைக்கும் இப்படி இழுபறி இருக்கிறது. கைப்பேசியில் எடுக்கும் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்று யோசியுங்கள்.

நம் நாட்டிலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டு சொல்லியாக வேண்டும். யோகி பி & நட்சத்திரா 2006-இல் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பில் 'மடை திறந்து' இருக்கிறது. 1980-இல் வந்த 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா இசையமைத்து, வாலி எழுதி, எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடிய பாட்டின் மேல் கட்டியது அது. ராப்பில் சொல் மழை மாதிரி கொட்டும், ஒரு விநாடிக்குள் எத்தனை அசை! இருந்தும் அவர்கள் பாட்டில் சொல் தாளத்துக்குள் புதைந்து போவதில்லை. மலேசியத் தமிழ்ப் பையன்களின் உச்சரிப்பு அப்படியே வெளியே வருகிறது. நம் மாணவர்கள் அந்தத் தொகுப்பின் ஸ்டைலைப் பார்த்துக் காப்பி அடிக்கிறார்கள். அதன் கலவையைக் கேட்டுக் காப்பி அடித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

கலவை என்பது என்ன என்று மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. குரல், இசை, பின்னணி ஓசை, இவற்றில் எது எவ்வளவு கேட்க வேண்டும் என்று முடிவு செய்வதுதான் கலவை. 'மிக்சிங்' என்றால் உடனே தெரியும்.

தமிழுக்கு இது ஏன் கூடுதலாக முக்கியம்? மற்ற மொழிப் பாட்டுக்கும் ஒலி வேண்டும்தான். ஆனால் ல, ள, ழ மூன்றையும் வைத்துக்கொண்டு வாழ்கிற மொழி நம்முடையது. ர, ற உண்டு. ந, ன, ண உண்டு. வாலும் வாளும் வாழும் மூன்று வேறு சொற்கள். இந்த வேறுபாடுகள் ஒலியில் எங்கே உட்கார்ந்திருக்கின்றன தெரியுமா? குரலின் அடித்தளத்தில் கிடையாது. அடித்தளம் ஆண் பெண் வேறுபாட்டையும் சுருதியையும் சொல்லும். லகர ழகர வேறுபாடு பெரும்பாலும் 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் கேட்பது. ழகரம் ஒலிக்கும்போது நாக்கு வளைந்து பின்வாங்குவதால் அந்தப் பகுதியில் ஒலிச்செறிவு கீழே இறங்கும். காது அதைப் பிடித்துத்தான் 'இது ழ' என்கிறது. கராவோக்கே இசையில் கீபோர்டும் கிட்டாரும் வயலினும் நெருக்கியடித்து நிற்பதும் இதே பகுதியில்தான். இசையைக் கூட்டினால் முதலில் சாகும் எழுத்து எது என்பது இப்போது புரிந்திருக்கும்.

அடுத்த எதிரி கைப்பேசிக்குள்ளேயே இருக்கிறது. பெரும்பாலான கைப்பேசிகள் பேச்சுக்காக உருவானவை. தொடர்ந்து வரும் ஓசையை இரைச்சல் என்று எண்ணி அடக்கிவிடும், மெல்லிய ஓசையைத் தூக்கிவிடும், உரத்ததை நசுக்கும். பிள்ளை நெடிலை நீட்டிப் பாடினால், 'இது என்ன மின்விசிறியா' என்று சந்தேகப்பட்டு அதையும் அமுக்கப் பார்க்கும். பாட்டின் நடுவில் குரல் மூழ்கி மூழ்கி எழுவது இதனால்தான். எடிட்டிங் செயலியில் இருக்கும் 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' பொத்தானை முழுசாகத் தள்ளினாலும் இதே கதைதான். சகரத்தின் காற்றும் வல்லினத்தின் வெடிப்பும் இரைச்சலோடு சேர்ந்து போய்விடும். மிச்சம் இருப்பது தண்ணீருக்கடியில் பாடிய தமிழ்.

இது வெறும் அழகியல் பிரச்சினை கிடையாது. பேச்சு மதிப்பீட்டுக்கும் பாடல் ஒப்புவித்தலுக்கும் காணொலி அனுப்பச் சொல்லும் பழக்கம் நம்மிடையே வந்துவிட்டது. ஒரு மாணவியின் பதிவை நாங்கள் சிலர் சேர்ந்து கேட்டோம். 'மழை' என்பது எங்கள் காதில் 'மலை' என்று விழுந்தது. பக்கத்தில் இருந்த ஆசிரியர் உச்சரிப்பில் மதிப்பெண் குறைக்கத் தயாராகிவிட்டார். பிள்ளையை நேரில் அழைத்துச் சொல்லச் சொன்னோம். ழகரம் வழுக்கிக்கொண்டு வந்தது, அத்தனை சுத்தம். வீட்டில் விசிறி ஓட, கைப்பேசியை மேசைக் கடைசியில் சாய்த்து வைத்து எடுத்திருக்கிறாள். நேரில் அழைத்திருக்காவிட்டால் அவள் நாக்குக்குக் கிடைத்திருக்கும் தண்டனை, உண்மையில் ஒரு மேசையின் நீளத்துக்கானது.

மேசையின் நீளம் என்றேன். கணக்குப் பார்ப்போம். ஒலிவாங்கிக்கும் வாய்க்கும் உள்ள தூரம் இரு மடங்கானால் நேரடியாக வந்து சேரும் குரல் 6 டெசிபல் குறையும். 15 சென்டிமீட்டரில் இருந்து பாடிய பிள்ளையை 3 மீட்டர் தள்ளி நிறுத்தினால் தூரம் 20 மடங்கு, குரல் ஏறத்தாழ 26 டெசிபல் கீழே போய்விடும். அறையின் இரைச்சலோ குறையவே குறையாது, அது அப்படியேதான் இருக்கும். காணொலி எடுக்கிறவர் பிள்ளை முழு உருவமாகத் தெரிய வேண்டும் என்று பின்னால் போகப் போக, குரலை அறைக்குத் தாரை வார்க்கிறார். படத்துக்கு ஒரு கைப்பேசி, ஒலிக்கு இன்னொரு கைப்பேசி என்று பிரித்தாலே பாதிப் பிணி தீரும். இரண்டாவது கைப்பேசி பிள்ளையின் மேல்சட்டைப் பையிலோ, பூங்கொத்துக்குள்ளோ, படத்தில் தெரியாமல் முகத்துக்கு அருகில் எங்கோ இருக்கட்டும். தொடக்கத்தில் ஒரு கைதட்டு. பிறகு எடிட்டிங்கில் இரண்டு பதிவின் கைதட்டையும் ஒரே இடத்தில் வைத்துவிட்டால் போதும். திரைப்படக்காரர்கள் கிளாப் பலகை அடிப்பதும் இதற்காகத்தான், ஸ்டைலுக்காக இல்லை.

இந்தப் பிரிப்பு தமிழ்த் திரைக்கும் எளிதில் கிடைத்ததில்லை. முதல் தமிழ்ப் பேசும்படமாகச் சொல்லப்படும் 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31-இல் வெளிவந்தது. அந்தக் காலத்தில் நடிப்பவரே கேமரா முன் நின்று பாட வேண்டும், ஒலிவாங்கியைச் சட்டகத்துக்கு வெளியே மறைத்து வைப்பார்கள். அதனால் பாடத் தெரிந்தவர்தான் நடிக்க முடியும். ஒலிவாங்கியை விட்டு அதிகம் நகரவும் முடியாது. ஏ.வி. மெய்யப்பன் 1938-இல் எடுத்த 'நந்தகுமார்' படத்தில்தான் வேறொருவர் பாடியதை நடிகைக்கு இணைக்கும் முறை தமிழில் கையாளப்பட்டது, லலிதா வெங்கட்ராமன் குரல் கொடுத்தார். அன்றிலிருந்து பாட்டு முதலில் பதிவாகும், படம் பிறகு அந்தப் பாட்டுக்கு நடக்கும். நாம் கையில் அதைவிடப் பல மடங்கு வசதியை வைத்துக்கொண்டு 1931-க்குத் திரும்பிப் போகிறோம்: படமும் ஒலியும் ஒரே நேரத்தில், ஒரே கருவியில், எட்ட நின்று.

இங்கே ஒரு மறுப்பு எழும், நானே எழுப்புகிறேன். எம்.கே. தியாகராஜ பாகவதர் பாட்டெல்லாம் கரகரவென்றுதானே இருக்கிறது? 1944-இல் வந்த 'ஹரிதாஸ்' பாட்டை இன்றைக்கும் கேட்டு உருகுகிறோமே, அதில் என்ன ஒலித்தரம் கண்டீர்கள்? நல்ல கேள்வி. அந்தப் பதிவில் இரைச்சல் இருக்கிறது, ஆனால் சொல் அழியவில்லை. மழை பெய்கிற மாதிரி ஒரே சீராக ஓடும் இரைச்சலைக் காது சீக்கிரம் மறந்துவிடும். பாகவதர் ஒலிவாங்கியை நோக்கி வாயைத் திறந்து பாடினார், பக்கவாத்தியம் அவர் குரலுக்கு இடம் விட்டு வாசித்தது. நம் காணொலிகளில் நேர்மாறு: இரைச்சல் குறைவு, சொல்லும் குறைவு. ஒலித்தரம் என்றால் பளபளப்பு என்று யாராவது எடுத்துக்கொண்டால் நான் சொல்ல வருவது தவறிப்போகும். சொல் வந்து சேர்ந்ததா, பிள்ளையின் குரல் அதன் சொந்தக் குரலாகக் கேட்டதா, இந்த இரண்டுதான் என் அளவுகோல்.

பி.கே.பி. காலத்தை மறக்க முடியாது. 2020 மார்ச் 18-ஆம் தேதி கதவுகள் மூடிய பிறகு ஆளுக்கொரு வீட்டில் இருந்து பாடி ஒட்டிய 'கட்டம் கட்டமான' காணொலிகள் நம்மிடம் குவிந்தன. நோக்கம் உயர்ந்தது. ஒலியோ, ஒரே கிணற்றுக்குள் முப்பது பேர் இறங்கி நின்று பாடியது போல. காரணம் எளிது. ஒவ்வொரு பிள்ளையும் வழிகாட்டு இசையை இன்னொரு கைப்பேசியில் சத்தமாக ஓடவிட்டுக் கூடவே பாடியது. அந்த இசை முப்பது பதிவிலும் புகுந்துகொண்டது. ஒவ்வொன்றும் கொஞ்சம் முன்னே பின்னே. முப்பது இசை ஒன்றையொன்று அடித்துக்கொள்ள, குரல் நடுவில் நசுங்கியது. அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டேக்கர் 2010-இலேயே 12 நாடுகளிலிருந்து 185 குரல்களை இணையம் வழி சேர்த்து ஒரு கூட்டுப் பாடலை வெளியிட்டார். அதன் அடிப்படை ரகசியம் பெரிய கருவி எதுவும் கிடையாது: வழிகாட்டு இசை காதுக்குள், குரல் மட்டும் ஒலிவாங்கிக்குள். பத்து ரிங்கிட் இயர்போன் செய்கிற வேலை.

வாயசைவுக்கு வருவோம். இதில் நம் இலக்கணமே துணைக்கு வரும். எழுத்ததிகாரத்தின் பிறப்பியலில் தொல்காப்பியர் பகர மகரங்கள் இரண்டு இதழும் பொருந்தப் பிறக்கும் என்கிறார். தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களே, இதை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது, எடிட்டிங் திரையிலும் பாருங்கள். 'அம்மா' என்று குரல் வரும்போது உதடு மூடியிருக்க வேண்டும். திறந்திருந்தால் ஒலியும் படமும் விலகிவிட்டன என்று பொருள். ஒலியைச் சரிபார்க்க இதைவிட நல்ல கருவி எந்தச் செயலியிலும் இல்லை. கண் காதை ஏமாற்றவும் செய்யும். 1976-இல் மெக்கர்க், மெக்டொனால்ட் என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காதில் 'ப' ஓசையைப் போட்டு, திரையில் 'க' சொல்லும் வாயைக் காட்டினால், பலர் கேட்பது இரண்டும் இல்லாத 'ட' போன்ற ஓசை! வாயசைவு பொருந்தாத பாடல் காணொலியில் சுத்தமாகப் பாடிய பிள்ளையும் தப்பாகப் பாடியதாகத் தெரியும்.

எவ்வளவு விலகலைக் கண்டுபிடிப்போம்? ஒலிபரப்புத் துறையின் பன்னாட்டுப் பரிந்துரை ஒன்று இதை அளந்திருக்கிறது. ஒலி 45 மில்லிவிநாடி முந்தினாலே கண்டுகொள்வோம், பிந்தினால் 125 மில்லிவிநாடி வரை பொறுப்போம். ஏன் இந்தப் பாரபட்சம் என்றால், இயற்கையில் ஒலி எப்போதும் பிந்தியே வரும். லேடாங் மலைமேல் மின்னல் வெட்டி, இடி நம்மை வந்தடைய எத்தனை விநாடி ஆகிறது! ஒலி முந்தி வருவதைக் காது பார்த்ததே இல்லை. ஆகவே சந்தேகம் வந்தால் ஒலியை ஒரு சட்டகம் பிந்த வையுங்கள், முந்த வைக்காதீர்கள். தொல்காப்பியர் ஒரு மாத்திரையைக் கண்ணிமைப்பாலும் கைநொடியாலும் அளந்தார். கண்ணிமைப்பு என்பது ஏறத்தாழ 100 முதல் 400 மில்லிவிநாடி. நம் காணொலிகளில் பல ஒரு மாத்திரைக்கும் மேலே விலகி ஓடுகின்றன.

மாத்திரை என்றதும் பள்ளி மண்டபம் நினைவுக்கு வருகிறது. சிமெண்டுச் சுவர், மொசைக் தரை, துத்தநாகக் கூரை. கை தட்டினால் ஒலி அடங்கவே மாட்டேன் என்கிறது. இதில் பாடினால் குறில் எல்லாம் நெடிலாகும், நெடிலுக்கு அடுத்து வரும் மெய் காணாமல் போகும். சிலர் அதன் மேல் இன்னும் 'எக்கோ' சேர்க்கிறார்கள், பாட்டு கோயிலில் பாடியது போல இருக்குமாம். கோயிலில் எக்கோவைச் சேர்த்தது கல். அங்கே பாடுகிறவர் அதற்கு ஏற்ப நிறுத்தி நிறுத்திப் பாடுவார். எங்கள் ஊரில் மழை பிடித்தால் துத்தநாகக் கூரைக்குக் கீழே ஆசிரியர் குரலே மாணவர்களுக்குக் கேட்காது, ஒலிப்பதிவைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அதற்கு ஸ்டூடியோ வேண்டுமே, தோட்டப்புறப் பள்ளிக்கு எங்கே போவது? இந்தக் கேள்வியில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். நிறுத்தி வைத்த ஒரு மைவி காருக்குள் உட்காருங்கள். கண்ணாடியை ஏற்றி, இயந்திரத்தையும் குளிர்சாதனத்தையும் அணையுங்கள். மெத்தை இருக்கையும் துணிக் கூரையும் எதிரொலியை விழுங்கிவிடும். வேர்க்கும்தான், நான்கு நிமிடப் பாட்டுக்கு அந்த வேர்வையைப் பொறுக்கலாம். துணிகள் தொங்கும் அலமாரியைத் திறந்து அதை நோக்கிப் பாடினாலும் சரி. மண்டபத்தில் நடனமாடுவதை அழகாகப் படம் எடுங்கள், பாட்டை மட்டும் காருக்குள் எடுத்து அதன் மேல் வையுங்கள். காணொலிக்கு உடுப்பு வாங்கும் செலவில் பத்தில் ஒரு பங்கை ஒரு சட்டைமைக்குக்குக் கொடுத்தால் அது இன்னும் பல ஆண்டு உழைக்கும். உடுப்பு அடுத்த ஆண்டு பிள்ளைக்குப் பற்றாது.

படத்தொகுப்பில் ஒரு பெரிய பழக்கக் கோளாறு உண்டு. எல்லா வெட்டும் டிரம் அடிக்கு விழுகிறது. தாளம் விழும் இடமும் சொல் முடியும் இடமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. யாப்பிலக்கணத்தில் சீர் பிரிக்கக் கற்ற மாணவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். சீருக்குள் அசையின் நடுவே கத்தி வைக்கும் வெட்டு கண்ணுக்குத் துள்ளலாக இருக்கும், காதுக்குச் சொல் உடைந்து விழும். பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் வெட்டிப் பாருங்கள். அந்த மூச்சு ஓசையையும் அழிக்காதீர்கள். மூச்சே இல்லாமல் பாடும் பிள்ளையைப் பார்த்தால் பொம்மை பாடுவதாகத்தான் தோன்றும். சுருதி திருத்தும் 'ஆட்டோடியூன்' விஷயத்திலும் இப்படித்தான். கொஞ்சம் போட்டால் உதவி; முழுக்கப் போட்டால் தமிழிசையின் அசைவுகள் படிக்கட்டாக மாறிவிடும். ஒலியை உச்சத்துக்கு ஏற்றுவதாலும் பயன் இல்லை. யூடியூப் தன் அளவுக்கு மேல் உரத்த காணொலியைத் தானே இறக்கிவிடும். உச்சத்தில் உடைந்த ஒலி மட்டும் உடைந்தபடியே தங்கும். முடிந்த கோப்பை வாட்ஸ்அப்பில் சாதாரணக் காணொலியாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் அது உங்கள் உழைப்பை மறுபடி பிழிந்துவிடும்.

மோசமான ஒலிக்குச் சிலர் கண்டுபிடித்திருக்கும் மாற்றுவழி எனக்கு இன்னும் கவலை தருகிறது. பிள்ளைகளின் குரலை எடுத்துவிட்டு, வெளியே ஒரு பாடகரைப் பாடவைத்தோ இணையத்தில் கிடைத்த பதிவைப் போட்டோ, பிள்ளைகளை வாயசைக்கச் சொல்வது. ஒலி பிரமாதமாகிவிடும். பெற்றோரும் கைதட்டுவார்கள். ஆனால் பத்து வயதில் அந்தப் பிள்ளை எப்படிப் பாடியது என்பதற்கு எந்தச் சான்றும் இருக்காது. பிள்ளைக்கும் ஒன்று புரிந்துவிடும்: என் முகம் வேண்டும், என் குரல் வேண்டாம். அந்த வயதில் "நீ வாயை மட்டும் அசை, போதும்" என்று கேட்ட பிள்ளை, பிற்பாடு மேடையில் தமிழ் பேசக் கூச்சப்பட்டால் நாம் எந்த முகத்தோடு ஆச்சரியப்படுவது? சுருதி கொஞ்சம் விலகினாலும் பிள்ளையின் குரல் தெளிவாகக் கேட்கும் காணொலிக்குத்தான் நான் மதிப்பெண் போடுவேன். திரைப்படத்தில் பின்னணிக் குரல் வந்தது நடிகரின் குறையை நிரப்ப. பள்ளிக் காணொலியில் பாடுவதே பாடம்.

போட்டிகளின் மதிப்பெண் பாரங்களை நான் பார்த்தவரை, ஆடை, நடனம், படத்தொகுப்பு, படைப்பாற்றல் என்று கட்டங்கள் இருக்கும். ஒலிக்கும் உச்சரிப்புக்கும் தனித்தனிக் கட்டம் அபூர்வம். இரண்டையும் சேர்த்து 'பாடல் திறன்' என்று ஒரே கட்டத்தில் போட்டுவிடுகிறார்கள். கைப்பேசியின் குற்றம் பிள்ளையின் குற்றமாகப் பதிவாவது அங்கேதான். பிரித்துவிட்டால் நடுவர் பிள்ளையின் ழகரத்தையும் எடிட்டரின் சோம்பலையும் தனித்தனியாக எடைபோட முடியும். பார்க்கும் முறையிலும் ஒரு மாற்றம் செய்யலாம். முதல் முறை திரையை மூடிவைத்துக் காணொலியைக் கேளுங்கள், வரிகளைக் காகிதத்தில் எழுதிக்கொண்டே. எத்தனை சொல் பிடிபட்டது, எத்தனை விட்டுப்போனது என்று எண்ணினால் வாதமே தேவைப்படாது. மாணவர்களுக்கு இது ஒரு நல்ல கேட்டல் பயிற்சியும் ஆகும்.

கடைசியாக ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். காணொலி முடிந்ததும், இசை கலக்காத பிள்ளையின் குரலை மட்டும் தனி வேவ் கோப்பாக வெளியே எடுத்து, பெயரும் தேதியும் போட்டுப் பள்ளிக் கணினியில் வையுங்கள். ஸ்டீரியோவில் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 எம்.பி., ஒற்றை ஒலித்தடம் என்றால் அதில் பாதி. நான்கு நிமிடப் பாட்டு 20 எம்.பி.யைக் கொஞ்சம் தாண்டும், டிரோன் காட்சி பிடிக்கும் இடத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.